நோன்பு முறித்தல்: 'பிரேக்ஃபாஸ்ட்' என்னும் சொல்லின் வரலாறு

உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் தம் சீடரை உண்ண அழைத்த நிகழ்ச்சியை (யோவான் 21:12) விளக்கப் புகும் போதகர், ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றை ஒப்பிட்டு நோக்குவாராயின் ஒரு வேற்றுமையைக் காண்பார். 1526-இல் டிண்டேலும், 1611-இல் ஜேம்ஸ் அரசர் பதிப்பினரும் இவ்விடத்தில் 'டைன்' என்னும் வினையை ஆண்டனர். 1881-இல் வெளிவந்த திருத்திய பதிப்பு, நோன்பை முறித்துக்கொள்ளுமாறு ஆண்டவர் அழைத்ததாகப் பெயர்த்தது. 1946-இல் வந்த திருத்திய நிலைப் பதிப்பின் புதிய ஏற்பாட்டிலோ, நாள்தோறும் வழங்கும் 'பிரேக்ஃபாஸ்ட்' என்னும் சொல்லே வந்து அமர்ந்தது. நம் தமிழ் வேதாகமம் 'போஜனம்' என்று பொதுப்பட மொழிந்து மேற்செல்கின்றது.

'பிரேக்ஃபாஸ்ட்' என்பதை எழுத்துக்கு எழுத்துப் பிரித்தால் 'நோன்பு முறித்தல்' என்றாகும். இதனைக் கண்டவுடன், அன்று காலையில் சீடர்கள் ஏதோ நோன்பில் இருந்தனர் என்றும், ஆண்டவர் அந்நோன்பை முடித்துவைத்தார் என்றும் அருளுரை அமைக்கும் ஆவல் எழுதல் இயல்பே. அவ்வாறு செய்யலாமா? ஒரு சொல்லின் வேரைக் கொண்டு மறைநூற் பகுதிக்குப் பொருள் காணலாமா? அன்றாட உணவைக் குறிக்கும் இச்சிறு சொல்லில் திருச்சபை கற்றுக்கொள்ளத்தக்கது ஏதேனும் உண்டா? இவ்வினாக்களை முன்வைத்து அச்சொல்லின் வரலாற்றை இங்கு ஆராய முற்படுகிறோம்.

1. சொல்லின் அமைப்பு

இச்சொல்லின் இரு உறுப்புகளும் பழைய ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தவை. 'பிரேக்' என்பது முறித்தல். 'ஃபாஸ்ட்' என்பது நோன்பு. இவற்றுள் இரண்டாவதன் வரலாறு கருதத்தக்கது. 4-ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலாஸ் கோத்திய மொழியில் திருமறையைப் பெயர்த்தபோது, 'ஃபாஸ்தான்' என்னும் வினையை உபவாசித்தலுக்கும், காத்தல், கைக்கொள்ளுதல் என்னும் பொருள்களுக்கும் பயன்படுத்தினார். உறுதியாகப் பற்றிநிற்றல் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. கயிற்றை இறுகக் கட்டுதலை ஆங்கிலத்தில் இதே சொல்லால் குறிப்பதும் இக்காரணம் பற்றியே. தமிழில் 'நோன்பு' என்பது 'நோல்' என்னும் அடியாகப் பிறந்தது. பொறுத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். எனவே இவ்விரு மொழிகளும் நோன்பிற்குப் பெயரிடுங்கால் உணவு இல்லாமையைக் கருதவில்லை. மனிதன் உறுதியோடு தாங்கிநிற்கும் நிலையையே கருதின என்று அறிகிறோம்.

பழைய ஆங்கிலத்தில் முதல் உணவுக்குக் 'காலை உணவு' என்றே பொருள்படும் வேறொரு சொல் வழங்கியது. நோன்பை முறித்தல் என்னும் தொடர் பிற்காலத்தது. அத்தொடர் இறுகிப் பெயர்ச்சொல்லாகி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று 1463-ஆம் ஆண்டைச் சார்ந்த ஒரு செலவுக் கணக்கு. வழிபாட்டு நூலிலோ இறையியல் ஏட்டிலோ அல்லாமல், பணம் செலவிட்ட கணக்கில் இச்சொல் நமக்கு முதலில் தென்படுவது கவனிக்கத்தக்கது. இச்சொல் குறிக்கும் நோன்பு திருச்சபை விதித்த சிறப்பு நோன்பு அன்று. உறங்கும் மனிதன் ஒவ்வோர் இரவும் உண்ணாதிருக்கும் இயல்பான இடைவெளியே அது.

கூட்டுச்சொல்லாகிய பின்னர் அதன் ஒலியும் மாறியது. 'பிரேக்' என்னும் நெடில் 'பிரெக்' எனக் குறுகியது. 'ஃபாஸ்ட்' மங்கி ஒலித்தது. எழுத்தில் நிற்கும் நோன்பு செவியில் மறைந்தது. இன்று அச்சொல்லைக் கூறும் ஆங்கிலேயர் நோன்பை நினைப்பதில்லை. 'ஞாயிற்றுக்கிழமை' என்று கூறும் நம்மில் எவரும் கதிரவனை நினையாதது போல்வதே இது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 1961-இல் ஜேம்ஸ் பார் என்னும் மறைநூல் அறிஞர், சொற்களின் வேர்களைக் கொண்டு வேதாகம இறையியலைக் கட்டியெழுப்பும் முறையைக் கடுமையாக ஆராய்ந்து மறுத்தார். ஒரு சொல்லின் பொருளை அதன் பிறப்பு தீர்மானிப்பதில்லை. அது ஆளப்படும் இடமே தீர்மானிக்கிறது என்பது அவரது நிலை. இதனை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும் ஒரு சொல்லின் வேர் அதன் இன்றைய பொருளுக்குச் சான்றாகாவிடினும், அச்சொல்லைப் படைத்து வழங்கிய மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எப்பொழுது உண்டனர், எதற்காகக் காத்திருந்தனர் என்பதற்குச் சான்றாக நிற்கக்கூடும். அந்த அளவிலேயே நாம் அதனை வினவுகிறோம்.

2. அண்டை மொழிகளின் சான்று

ஆங்கிலம் இதில் தனித்து நிற்கவில்லை. இலத்தீன் மொழியில் 'யெயூனுஸ்' என்றால் உண்ணாதிருப்பவன், வெறும் வயிற்றினன் என்று பொருள். உடலை அறுத்து ஆராய்ந்த பண்டைய மருத்துவர், சிறுகுடலின் ஒரு பகுதி எப்பொழுதும் வெறுமையாயிருக்கக் கண்டு அதற்கு இச்சொல்லின் அடியாகவே பெயரிட்டனர். இதனின்று நோன்பு நீங்குதலைக் குறிக்கும் 'திஸ்யெயூனாரே' என்னும் பிற்கால இலத்தீன் வினை தோன்றியது. ஸ்பானிய மொழியில் காலை உணவைக் குறிக்கும் 'தெசாயூனோ' இதே அமைப்புடையது. பிரெஞ்சு மொழியில் அவ்வினை இரு கிளையாகப் பிரிந்து, ஒன்று 'தெஜூனே' ஆயிற்று. மற்றொன்று 'தீனே' ஆயிற்று. இரண்டும் நோன்பை முறித்தல் என்னும் ஒரே மூலத்தின் மக்கள். ஆனால் உணவு வேளைகள் நகர நகர, முதலாவது பாரிஸ் நகர வழக்கில் நண்பகல் உணவாயிற்று. இரண்டாவது மாலை உணவாயிற்று. காலையில் உண்பதற்குச் 'சிறிய தெஜூனே' என்று புதுப்பெயர் இடவேண்டியதாயிற்று.

ஆங்கிலத்தின் 'டைன்', 'டின்னர்' என்னும் சொற்கள் இவ்விரண்டாவது கிளையினின்று வந்தவையே. எனவே டிண்டேலும் ஜேம்ஸ் அரசர் பதிப்பினரும் யோவான் 21-இல் இட்ட சொல்லும், 1881-ஆம் ஆண்டுப் பதிப்பினர் திருத்தி இட்ட சொல்லும் வேர்ப்பொருளில் ஒன்றே. திருத்தியவர்கள் புதிதாக ஒன்றைப் புகுத்தவில்லை. பழைய சொல் மறந்துவிட்டதை அறியாமலே மீண்டும் உரைத்தனர் எனலாம்.

இத்தாலியரின் சொல் வேறொரு வழியில் துறவியர் மடத்திற்கே நம்மை அழைத்துச் செல்கிறது. மடங்களில் மாலையில் யோவான் காசியன் எழுதிய உரையாடல்கள் வாசிக்கப்பட்டன. அந்நூலின் இலத்தீன் பெயர் 'கொல்லாத்தியோனெஸ்'. நோன்பு நாட்களில் அவ்வாசிப்பை ஒட்டித் துறவியர் சிறிது உணவோ பானமோ கொள்ள இசைவு அளிக்கப்பட்டது. வாசிப்பின் பெயர் அச்சிற்றுணவிற்கும் ஆயிற்று. அதுவே இத்தாலிய மொழியில் 'கொலாத்சியோனே' எனக் காலை உணவைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தது. நோன்பாளியின் மாலைச் சிற்றுணவு, நோன்பறியாதவரின் காலை உணவுக்குப் பெயர் தந்தது.

எல்லா மொழிகளும் நோன்பை நினைந்து பெயரிட்டன என்று நாம் கூறவில்லை. ஜெர்மானியர் தம் காலை உணவை 'வைகறைத் துண்டு' என்னும் பொருள்பட அழைக்கின்றனர். டச்சு மொழிச் சொல் கடித்தல் என்னும் வினையினின்று வந்தது.

கீழ்த்திசைக்கு வருவோமாயின், அரபு மொழியில் நோன்பு முடிக்கும் 'இஃப்தார்' என்னும் சொல்லும், காலை உணவைக் குறிக்கும் 'ஃபதூர்' என்னும் சொல்லும் ஒரே வேரினவாகக் காணப்படுகின்றன. பாரசீகத்தில் 'நாஷ்தா' என்பது வெறும் வயிற்றோடிருக்கும் நிலையைக் குறித்தது. உருதுவிலும் இந்தியிலும் அது அவ்வெறுமையை நிரப்பும் காலை உணவின் பெயராயிற்று; தமிழ்நாட்டு நகரங்களின் பேச்சிலும் 'நாஷ்டா' என வழங்குகிறது. பசியின் பெயரே உணவின் பெயராக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழில் நாம் நாள்தோறும் கூறும் 'பலகாரம்' என்னும் சொல்லும் இவ்வகையினதே. வடமொழியின் 'பலாஹாரம்', அதாவது பழ உணவு, விரத நாட்களில் சோறு நீக்கி உண்ணும் எளிய உணவைக் குறித்தது. அது தமிழில் 'பலகாரம்' என்று திரிந்து, இட்டலி, தோசை, பணியாரம் யாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. விரதம் முடித்து உண்ணுதலுக்குப் 'பாரணை' என்னும் தனிச்சொல் உண்டு. கத்தோலிக்கத் தமிழர் நோன்பு நாளை 'ஒருசந்தி' என்பர். நாளுக்கு ஒரு வேளையே உண்ணுதல் என்பது கருத்து. தமிழ் இசுலாமியர் 'நோன்பு திறத்தல்' என்று கூறும் வழக்கு மிக அழகியது. ஆங்கிலம் முறித்த நோன்பைத் தமிழ் திறக்கிறது. முறிப்பதில் ஒன்று முடிவடைகிறது; திறப்பதில் ஒன்று தொடங்குகிறது.

உழைக்கும் தமிழரின் காலை உணவோ நோன்பாலும் விரதத்தாலும் பெயர் பெறவில்லை. இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, விடிந்தபின் உண்பது 'பழையது'. முந்திய வேளையில் ஏதேனும் மிஞ்சியிருந்தாலன்றி அடுத்த காலையில் உணவில்லை என்னும் வாழ்க்கை நிலை அச்சொல்லில் பதிந்துள்ளது.

3. கடற்கரையில் அளிக்கப்பட்டது எவ்வேளை உணவு?

யோவான் 21:12-இல் மூலமொழியில் அமைந்துள்ள வினை, 'அரிஸ்டோன்' என்னும் பெயரை அடியாகக் கொண்டது. அதன் வேர்ப்பொருள் 'முற்பட்ட வேளையில் உண்பது' என்று மொழியறிஞர் கொள்வர். ஹோமரின் ஒதிஸி காப்பியத்தில் பொழுது புலரும் வேளையில் ஆயத்தமாகும் உணவுக்கு இச்சொல் வழங்குகிறது. பிற்காலத்தில் ஏதென்சு மக்கள் விழித்தெழுந்ததும் நீர் கலவாத திராட்சரசத்தில் தோய்த்த அப்பத்தை உண்ணத் தலைப்பட்டனர். அதற்கு வேறு பெயர் வந்தது. 'அரிஸ்டோன்' நண்பகலை நோக்கி நகர்ந்தது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் யோசேப்பின் சகோதரர் நண்பகலில் உண்ணவிருந்த விருந்தும் (ஆதியாகமம் 43:25), சூசன்னாளின் வரலாற்றில் மக்கள் வீடு திரும்பும் நண்பகல் உணவும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன.

லூக்கா நற்செய்தியில் பரிசேயன் ஆண்டவரை அழைத்த உணவுக்கு (11:37) நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'பகற்போஜனம்' என்றும், 14:12-இல் 'பகல்விருந்து' என்றும் பெயர்த்தனர். யோவான் 21-இலோ, அதே சொற்குடும்பம் வந்தும், 'பகல்' என்பதை விலக்கிப் 'போஜனம்' என்று மட்டும் அமைத்தனர். விடியற்காலமான போது ஆண்டவர் கரையில் நின்றார் என்று நற்செய்தியாளர் கூறியிருப்பதை அவர்கள் மறக்கவில்லை. சொல்லின் அகராதிப் பொருளினும் சூழலை அவர்கள் பெரிதென மதித்தமை போற்றத்தக்கது.

ஆகவே நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். மூலமொழிச் சொல்லில் நோன்பு இல்லை, முறித்தலும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைக் கொண்டு அன்று சீடர்கள் நோன்பிருந்தனர் என்று போதிப்பது பொருந்தாது. ஆனால் நிகழ்ச்சியின் சூழலை நோக்குவோமாக. அவர்கள் இரவு முழுவதும் உழைத்தனர், ஒன்றும் அகப்படவில்லை. உண்பதற்கு ஏதேனும் உண்டோ என்று கரையிலிருந்து எழுந்த வினாவுக்கு இல்லை என்றே விடையிறுத்தனர். அவர்கள் ஏற்றது நோன்பு அன்று. அவர்கள்மேல் வந்தது வெறுமை. இவ்வேறுபாடே நாம் மேலும் ஆராய வேண்டியதாகும்.

4. உண்ணும் வேளையைத் திருச்சபை வரையறுத்தமை

திருமறையில் காலை உணவைப்பற்றி ஒரே நோக்கு இல்லை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மாலையில் இறைச்சியும் காலையில் அப்பமும் பெற்றனர் (யாத்திராகமம் 16:12). கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்குக் காகங்கள் காலையிலும் மாலையிலும் உணவு கொணர்ந்தன (1 இராஜாக்கள் 17:6). பிரசங்கியின் ஆசிரியரோ காலையிலேயே உண்ணும் பிரபுக்களையுடைய நாட்டுக்கு இரங்குகிறார் (10:16). உண்பதை அவர் குறை கூறவில்லை. ஆளும் பொறுப்புடையோர் முறை செய்ய வேண்டிய வேளையில் பந்தியில் அமர்வதையே கடிகிறார்.

ஆதித் திருச்சபை புதன், வெள்ளி ஆகிய நாட்களில் நோன்பிருந்ததைத் 'திதாக்கே' என்னும் நூல் அறிவிக்கிறது. திருவிருந்தை வேறெவ்வுணவும் கொள்ளாமுன் பெறும் வழக்கம் விரைவில் பரவியது. 397-இல் கூடிய கார்த்தேஜ் சங்கம், பெரிய வியாழன் நீங்கலாக, நோன்பிருப்போரே அதனை நிறைவேற்ற வேண்டுமென்று விதித்தது. முதல் சீடர்கள் அவ்வாறு பெறவில்லை என்பதை அகுஸ்தீன் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டு, எனினும் அச்சாக்கிரமெந்தின் மாண்பை முன்னிட்டு இவ்வழக்கம் எங்கும் நிலைத்தது என்று யனுவாரியுசுக்கு எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையில் நள்ளிரவு முதல் உண்ணாதிருக்கும் இவ்விதி நெடுங்காலம் நீடித்தது. 1957-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதனை மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாகவும் குறைத்தனர்.

6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு வகுத்த ஒழுங்கு நாளின் முதல் உணவை ஆண்டின் பருவங்களோடு இணைத்தது. உயிர்த்தெழுதல் திருநாள் முதல் பெந்தெகொஸ்தே வரை நண்பகலில் உணவு. கோடையில் புதன், வெள்ளிகளில் ஒன்பதாம் மணி வரை நோன்பு. செப்டம்பர் நடுப்பகுதி முதல் லெந்து காலம் வரை நாள்தோறும் ஒன்பதாம் மணிக்கே உணவு. லெந்து காலத்திலோ மாலை வழிபாடு முடிந்தபின்னரே. ஒன்பதாம் மணி என்பது நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி. மனிதரின் பசி அவ்வேளையை மெல்ல மெல்ல முன்னுக்கு இழுத்தது. ஒன்பது என்னும் எண்ணின் அடியாகப் பிறந்த ஆங்கில 'நூன்' என்னும் சொல் இன்று நண்பகல் பன்னிரண்டைக் குறிப்பதற்குக் காரணம், வழிபாட்டு வேளையும் அதனைச் சார்ந்த உணவு வேளையும் இவ்வாறு நகர்ந்தமையே என்பர். கடிகாரத்திலும் ஒரு நோன்பின் வரலாறு பதிந்துள்ளது.

5. முந்தி உண்டவர் யார்?

இவ்வொழுங்குகளின் பயனாக, விடிந்தவுடன் உண்பது ஒரு குறையாகக் கருதப்பட்டது. மகா கிரகோரியார் பெருந்தீனியின் வகைகள் ஐந்தென வகுத்தபோது, உரிய வேளைக்கு முந்தி உண்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். 13-ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் அவ்வகுப்பை ஏற்றுக்கொண்டார். இதற்குக் கிரகோரியார் காட்டிய சான்று நம்மை நின்று சிந்திக்கச் செய்கிறது. சவுலின் ஆணையை மீறிக் காட்டில் தேனைச் சுவைத்த யோனத்தானையே அவர் சான்றாக்கினார்.

1 சாமுவேல் 14-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்போமாக. போர்க்களத்தில் மாலைவரை எவரும் உண்ணலாகாது என்று ஆணையிட்டுச் சாபம் கூறியவன் அரசன். மக்கள் விடாய்த்துப் போயினர். தன் தந்தை நாட்டைக் கலங்கச் செய்தான் என்று யோனத்தான் வெளிப்படையாகவே கூறினான். முடிவில் மக்கள் எழுந்து நின்று அவனைச் சாவினின்று மீட்டனர். நிகழ்ச்சியை உரைக்கும் ஆசிரியரின் உள்ளம் உண்டவன்பால் நிற்கிறது. உண்ணாதிருக்க ஆணையிட்டவன்பால் நிற்கவில்லை. கிரகோரியார் போன்ற பேரன்புடைய ஆயரும் இவ்விடத்தில் அரசனின் பக்கம் நின்று வாசித்தார். நோன்பைத் தானே ஏற்றுக்கொள்வது ஒன்று. பிறர்மேல் சுமத்துவது வேறொன்று என்பது விதிகளின் மிகுதியால் மறைந்துபோகக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

இடைக்கால மேலை நாட்டில் காலையில் உண்ணும் சலுகை பெற்றோர் குழந்தைகள், முதியோர், பிணியாளர், உழைப்பாளிகள் ஆகியோர். அதனாலேயே காலை உணவு வலிமையற்றோருக்கும் எளியோருக்கும் உரியதென்னும் இழிவும் அதன்மேல் படிந்தது. ஆயின் நாளடைவில் செல்வர் இல்லங்களிலும் அது நுழைந்தது. 1512-இல் தொடங்கிய நார்தம்பர்லாந்து பிரபுவின் இல்லக் கணக்கேடு, லெந்து காலத்துக் காலை உணவையே வரையறுத்துத் தருகிறது: அப்பம், பீர், திராட்சரசம், உப்பிட்ட மீன் வகைகள். இறைச்சி நீங்கியதால் விதி காக்கப்பட்டது. நோன்போ பெயரளவில் நின்றது.

அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1522-ஆம் ஆண்டு லெந்து காலத்தில், சூரிக் நகரில் ஃப்ரோஷவர் என்னும் அச்சகத்தாரின் இல்லத்தில் தொழிலாளர் சிலர் இறைச்சித் துண்டுகளை உண்டனர். பவுலின் நிருபங்களை அச்சிட்டு முடிக்க இரவும் பகலும் உழைப்பவர்களுக்குக் கூழ் மட்டும் போதாது என்பது அச்சகத்தாரின் வாதம். உடனிருந்த சுவிங்லி தாம் உண்ணவில்லை. ஆயினும் உணவைத் தெரிந்துகொள்வதில் கிறிஸ்தவனுக்குள்ள உரிமையைக் குறித்து அருளுரை நிகழ்த்தி, அதனை அச்சிட்டும் வெளியிட்டார். சூரிக் சீர்திருத்தத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இந்நிகழ்ச்சியை நாம் கற்பிக்கிறோம். மனச்சான்றின் உரிமையை விளக்குகையில், உழைத்துக் களைத்தவரின் பசியும் அங்கு வாதாடியதை நாம் சொல்லாது விடுவதுண்டு. சீர்திருத்தர்கள் நோன்பை ஒழிக்கவில்லை. லூத்தர் தம் சிறிய ஞானோபதேசத்தில் அதனை நல்லதொரு புறப்பயிற்சி என்றே மதித்தார். கட்டாயத்தையும் அதனால் நீதி தேடுதலையுமே அவர்கள் நீக்கினர்.

6. உபவாசமும் பட்டினியும்

புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் நோன்பைக் குறிக்கும் சொற்குடும்பத்திற்கு 'உண்ணாமை' என்பதே மூலப்பொருள். அதனால் விரும்பி ஏற்ற நோன்பும், வேறு வழியின்றி வந்த பசியும் அதனுள் அடங்கும். மூன்று நாள் தம்முடன் தங்கிய மக்களை உணவின்றி அனுப்ப ஆண்டவர் மனம் ஒப்பாத இடத்தில் (மத்தேயு 15:32) இக்குடும்பச் சொல்லே வருகிறது. ஜேம்ஸ் அரசர் பதிப்பு அவ்விடத்தில் 'நோன்போடு' என்னும் பொருள்பட மொழிபெயர்த்தது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'பட்டினி' என்றனர். இது சிறந்த மொழிபெயர்ப்பு. உபவாசம் வேறு, பட்டினி வேறு என்பதைத் தமிழ் அறியும். சோறின்றி உறங்கச் சென்றவர் வீடுகளில் வழங்கிய மொழியன்றோ இது.

'பிரேக்ஃபாஸ்ட்' என்னும் சொல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. இரவு உணவு உண்டு உறங்கி எழுந்தவனும் அச்சொல்லைக் கூறுகிறான். முந்திய நண்பகலுக்குப்பின் ஒன்றும் உண்ணாத சிறுவனும் அதையே கூறுகிறான். ஆகவே யாருடைய எந்த வெறுமை முறிக்கப்படுகிறது என்று கேட்பது நம் கடமையாகிறது.

1969-ஆம் ஆண்டு ஜனவரியில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரிலுள்ள புனித அகுஸ்தீன் ஆலயத்தில் பள்ளிச் சிறுவர்க்கு இலவசக் காலை உணவு அளிக்கத் தொடங்கினர். அவ்வாலயம் எபிஸ்கோப்பல் சபையைச் சார்ந்தது; அதன் குருவானவர் ஏர்ல் நீல் அதற்குத் துணைநின்றார். பசித்த குழந்தை பாடத்தைக் கற்க இயலாது என்னும் எளிய உண்மையே அதன் அடிப்படை. அந்நாட்டு அரசு 1966-இல் சோதனை முறையில் தொடங்கியிருந்த பள்ளிக் காலை உணவுத் திட்டம் 1975-இல் நிலையான திட்டமாயிற்று.

தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. எனினும் மதிய உணவு வரும்வரை பசித்திருக்கும் காலை வகுப்பு எஞ்சிநின்றது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டம் தொடக்கத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் உரியதாயிற்று. 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் அது எட்டியது. உதவிபெறும் பள்ளிகளுள் பல, மிஷனெரிமார் தொடங்கித் திருச்சபைகள் நடத்தி வருபவை. பல தலைமுறைகளாக நாம் அப்பள்ளிகளில் காலை ஜெபத்துடன் நாளைத் தொடங்கினோம். ஜெபத்திற்கு நின்ற குழந்தைகளுள் எத்தனை பேர் நோன்பு என்னும் பெயரின்றி நோன்பிருந்தனர் என்று கேட்டோமா? இவ்வினா நம்மையே நோக்கி எழுவதாகும். இதனைத் தவிர்க்க இயலாது.

7. பிட்கப்படும் அப்பம்

ஏசாயா 58-ஆம் அதிகாரம் ஆண்டவர் விரும்பும் உபவாசத்தை வரையறுக்கும்போது இரண்டு முறித்தல்களைக் கூறுகிறது. ஆறாம் வசனத்தில் நுகங்கள் தகர்க்கப்படுகின்றன. ஏழாம் வசனத்தில் பசியுள்ளவனுக்கு அப்பம் பகிரப்படுகிறது. இங்குப் 'பகிர்தல்' என நாம் வாசிக்கும் எபிரேய வினைக்கு 'பிட்குதல்' என்பதே நேர்ப்பொருள். எட்டாம் வசனத்தில் வெளிச்சம் விடியற்காலத்தைப்போல் எழும்புகிறது. நோன்பு, அப்பம் பிட்குதல், விடியல் என்னும் வரிசையைத் தீர்க்கதரிசி அமைத்துள்ளார். அவர் நோக்கில் நோன்பை முறிப்பது உண்பவனின் வாயில் நிகழ்வதினும் பகிர்பவனின் கையில் நிகழ்கிறது.

இவ்வரிசையை அப்போஸ்தலர் நடபடிகளிலும் காண்கிறோம். புயலில் அகப்பட்ட கப்பலில் பதினான்கு நாள் உணவின்றியிருந்தவர்கள் நடுவில், பொழுது விடியும் வேளையில், பவுல் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்திப் பிட்டு உண்ணத் தொடங்கினார் (27:33-37). கப்பலில் இருந்தோர் இருநூற்று எழுபத்தாறு பேர். கைதிகள், போர்வீரர், மாலுமிகள். நோன்பு காத்த சபையார் அங்கு மிகச் சிலரே. அச்சத்தால் உணவிழந்த அனைவருக்கும் அக்காலை உணவு உயிர்காக்கும் உணவாயிற்று.

திபேரியாக் கடற்கரைக்கு மீளுவோம். ஆண்டவர் அங்குக் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக்கி, உழைத்துக் களைத்தவரை அழைத்தார். அவர்கள் நோன்பிருந்தனரா என்று அவர் வினவவில்லை. உண்பதற்கு ஏதேனும் உண்டோ என்றே வினவினார். பேதுருவிடம் அன்பைப் பற்றிய வினாவும், ஆடுகளை மேய்க்கும் கட்டளையும் அவர்கள் உண்டு முடித்த பின்னரே வந்தன (21:15). ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட நாம் இவ்வொழுங்கைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

நம் சபைகளில் இன்றும் முதியோர் பலர் திருவிருந்து நாளில் ஒன்றும் உண்ணாமல் ஆலயம் வருகின்றனர். அவ்வழக்கம் மதிக்கத்தக்கது. அதனைக் கட்டளையாக்கவும் வேண்டாம். ஏளனம் செய்யவும் வேண்டாம். ஆனால் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை அதனுடன் சேர்த்து வாசிக்க வேண்டும். அங்கே ஒருவன் பசியாயிருந்தான். மற்றொருவன் முந்தி உண்டு மிகுந்திருந்தான். இதற்கு அவர் கூறிய தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருத்தல் (1 கொரிந்தியர் 11:33). திருவிருந்துக்கு முன் திருமறை நம்மிடம் கேட்கும் நோன்பு இதுவே எனலாம். கிரகோரியார் முந்தி உண்பதைக் குற்றம் என்றார். பவுலும் அவ்வாறே கூறுகிறார். கிரகோரியார் வேளையை நோக்கினார். பவுல் அருகில் உள்ள சகோதரனை நோக்கினார்.

'பிரேக்ஃபாஸ்ட்' என்னும் சொல் எவ்விறையியல் கோட்பாட்டையும் நிறுவுவதில்லை. எனினும் நாளின் முதற் கவளத்துக்கு முன் ஒரு காத்திருத்தல் உண்டென்பதை அது தன் உறுப்புகளில் ஏந்திநிற்கிறது. அக்காத்திருத்தலை விரும்பி ஏற்றவர் யார், அதன்கீழ் அழுந்தியவர் யார் என்பதை அச்சொல் கூறாது. அதனை அறிந்து சொல்வது மேய்ப்பரின் பணி. உயிர்த்தெழுதல் திருநாளின் அதிகாலை ஆராதனை முடிந்து, ஆலய வளாகத்தில் சபையார் ஒருங்கே அமர்ந்து உண்ணும்போது, வாயிலுக்கு வெளியே நிற்பவர் எவரேனும் உண்டோ என்று ஒருமுறை நோக்கிவிட்டுப் பந்தியில் அமர்வோமாக.